ஆர்பிஜி பக்கமே போகாதவங்க டிராகன் குவெஸ்ட்ட எப்படி தொடங்கறது

சுங்கை சிப்புட்ல எங்க பக்கம் இப்ப ஸ்கூல் போற பசங்கள்ல இருந்து செம்பனை வெட்டற மாமாங்க வரைக்கும் எல்லார் கையிலயும் போன் இருக்கு, போன்ல கேமும் இருக்கு. ஆனா பாதி பேரு ஆடறது சண்டை கேம் தான், லைன் ஸ்லோவானா செத்தோம், விரல் கொஞ்சம் மெதுவா போனா செத்தோம், கூட ஆடறவன் வேற வாய்க்கு வந்தபடி திட்டுவான். "அண்ணே கதையோட ஒரு கேம் சொல்லுங்க, ஆனா ரொம்ப கஷ்டமா இருக்கக் கூடாது"ன்னு யாரு கேட்டாலும் நான் சொல்றது ஒன்னே ஒன்னு தான், டிராகன் குவெஸ்ட். எந்த பாகத்துல தொடங்கணும், எதுல ஆடணும், முதல் ஒரு மணி நேரம் என்ன செய்யணும், எல்லாத்தையும் இங்க எழுதி வைக்கறேன், ஆர்பிஜின்னா என்னன்னே தெரியாதவங்களும் படிச்சிட்டு ஆரம்பிக்கலாம்.

ஆர்பிஜின்னா ரொம்ப சிம்பிள், ஒரு ஆள எடுத்துக்கிட்டு ஊர் ஊரா போறீங்க, வழியில வர்ற பூதம் பிசாசுங்கள அடிக்கறீங்க, அடிக்க அடிக்க உங்க ஆளுக்கு பலம் கூடும், அத தான் லெவல் ஏறுதுன்னு சொல்வாங்க. டிராகன் குவெஸ்ட்ல சண்டை மாத்தி மாத்தி நடக்கும், நீங்க என்ன செய்யணும்னு சொல்ற வரைக்கும் எதிரி காத்துக்கிட்டே இருப்பான். நடுவுல அம்மா கூப்பிட்டாங்களா, போய் கேஸ் சிலிண்டர தூக்கி வச்சிட்டு வாங்க, அவன் அங்கயே தான் நிப்பான்.

இது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா ஏன் புதுசா வர்றவங்களுக்கு இவ்ளோ ஒத்து வருதுன்னும் புரியும். 1980கள்ல அமெரிக்காவுல விசார்ட்ரி, அல்டிமான்னு ரெண்டு கம்ப்யூட்டர் கேம் பேர் போனது, ஜப்பான்ல யூஜி ஹோரீன்னு ஒருத்தரு அதுல அப்படியே மூழ்கிட்டாரு. ஆனா அதெல்லாம் வீட்டுல கம்ப்யூட்டர் வாங்க வசதி உள்ளவங்களுக்கு, நோட்டுல மேப் வரைஞ்சு ஆடற பொறுமை உள்ளவங்களுக்கு. அதே சுகத்த டிவில ஃபேமிகாம்ங்கற நிண்டெண்டோ கேம் மெஷின மாட்டி ஆடற சின்ன பசங்களுக்கும் குடுக்கணும்னு அவரு நெனச்சாரு. கோய்ச்சி நகமுரா ப்ரோகிராம், டிராகன் பால் வரைஞ்ச அகிரா தோரியாமா படம், கோய்ச்சி சுகியாமா இசை, எனிக்ஸ் கம்பெனி வெளியீடு, 1986 மே 27. அமெரிக்காவுக்கு 1989ல தான் போச்சு, அதுவும் டிராகன் வாரியர்னு வேற பேர்ல, 2005ல எட்டாம் பாகம் போனப்ப தான் அங்கயும் டிராகன் குவெஸ்ட்ங்கற பேரு வந்துச்சு. அதனால பழைய கேசட்டுல டிராகன் வாரியர்னு பாத்தா குழம்பிடாதீங்க, ரெண்டும் ஒன்னு தான்.

அந்த முதல் கேம் தொடங்கற விதத்த பாருங்க, எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கு. ராஜாவோட ரூம்ல நிக்கறீங்க, கதவு பூட்டிருக்கு. வெளிய போகணும்னா ராஜாகிட்ட பேசணும், பெட்டிய திறந்து சாவி எடுக்கணும், கதவ திறக்கணும், படி எறங்கணும். கேமுக்கு தேவையான முக்கால்வாசி வேலைய அந்த ஒரு ரூம்லயே கத்துக் குடுத்துட்டு தான் வெளிய விடறாங்க. கோட்டைய விட்டு வெளிய வந்து பாத்தா தண்ணிக்கு அந்தாண்ட வில்லனோட கோட்டையும் கண்ணுக்கு தெரியுது. எங்க போகணும்னு முதல் நிமிஷத்துலயே காட்டியாச்சு, எப்படி போறதுங்கறது தான் முழு கேமும். புதுசா வர்றவங்கள மதிச்சு செஞ்சது அது, அந்த மதிப்பு பதினொன்னாம் பாகம் வரைக்கும் மாறல.

முதல் வேலை: எதுல ஆடறதுன்னு முடிவு பண்ணுங்க

கன்சோல் வாங்க காசு இல்லன்னா கவலையே படாதீங்க, 1, 2, 3, 4, 5, 6, 8 இந்த ஏழு பாகமும் ஆண்ட்ராய்டுலயும் ஐபோன்லயும் கிடைக்குது. ஒரு தடவ காசு கட்டுனா முடிஞ்சுது, அதுக்கப்புறம் விளம்பரமும் இல்ல, "இந்த கத்தி வேணுமா இன்னும் 20 வெள்ளி குடு"ன்னு கேக்கறதும் இல்ல. போன நிமித்தி பிடிச்சு ஒரு கைலயே ஆடலாம், கட்டை விரல் மட்டும் போதும், பஸ்ஸுக்கு நிக்கறப்ப கூட ஆடலாம். எறக்கி வச்சிட்டா ஆடறதுக்கு லைன் வேணாம், தோட்டத்து உள்ள லயத்துல இருக்கறவங்களுக்கு இது பெரிய விஷயம், டவுன்ல வைஃபை உள்ள கடையில உக்காந்து எறக்கிக்கிட்டு வீட்டுக்கு போய் நிம்மதியா ஆடலாம். பேங்க் கார்டு இல்லாத பசங்க செவன் இலெவன்ல கூகுள் பிளே கார்டு வாங்கி போடலாம், இல்லன்னா போன் பில்லுலயே கழிச்சுக்க சொல்லலாம், ஆனா பில்லு அப்பா பேர்ல இருந்தா முதல்ல அப்பாகிட்ட கேட்டுக்கோங்க.

ரெண்டு எச்சரிக்கை. செஞ்சது யாருன்னு போட்டிருக்கற எடத்துல ஸ்கொயர் எனிக்ஸ்னு இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, 2003ல ஸ்கொயரும் எனிக்ஸும் ஒன்னா சேர்ந்த கம்பெனி அது. வாட்ஸ்அப்ல யாராச்சும் "ஃப்ரீ மச்சான்"னு ஏபிகே, அதாவது ஸ்டோருக்கு வெளிய இருந்து ஆப் போடற ஃபைல், அனுப்புனா போடவே போடாதீங்க, உங்க பேங்க் ஆப்பும் அதே போன்ல தானே இருக்கு. இன்னொன்னு, எடம் பத்தலன்னு பாதியில ஆப்ப அழிக்காதீங்க, திரும்ப போட்டா சேவ் வந்துடும்னு நம்பி இருக்க முடியாது.

ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ், இல்ல கேம் ஓடற மாதிரி கம்ப்யூட்டர் இருக்கறவங்களுக்கு பதினொன்னாம் பாகம் இருக்கு, அதுல 11 எஸ்ன்னு எழுதிருக்கறத பாத்து எடுங்க, அது தான் முழுசான பதிப்பு. அதுக்கு ஒரு இலவச டெமோவும் இருக்கு, கிட்டத்தட்ட 10 மணி நேரம் ஓடும், பிடிச்சு போய் முழுசா வாங்குனா டெமோல ஆடுன சேவ் அப்படியே தொடரும். இந்த மாதிரி தாராளமான டெமோ நான் வேற எங்கயும் பாத்ததில்ல. வீட்டு கம்ப்யூட்டர்ல ஓடுமா ஓடாதான்னு தெரியலன்னாலும் டெமோவ போட்டு பாத்துடலாம், காசு வேஸ்ட் ஆகாது.

ரெண்டாவது: எந்த பாகம்

ஒவ்வொரு பாகமும் கிட்டத்தட்ட தனிக்கதை தான், வரிசையா ஆடணும்னு கட்டாயம் இல்ல. முதல் மூணு மட்டும் ஒன்னுக்கொன்னு ஒட்டி வரும், அதுலயும் கதைப்படி பாத்தா மூணு தான் முதல்ல, அப்புறம் ஒன்னு, அப்புறம் ரெண்டு.

போன் மட்டும் இருக்கறவங்க ஒன்னுல இருந்து தொடங்குங்க. சின்ன கேம், விலையும் இருக்கறதுலயே கம்மி, உங்க ஆளு தனியா தான் போவாரு, எதிரியும் ஒவ்வொருத்தனா தான் வருவான். இதுல குழம்ப எடமே இல்ல. இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பழைய காலத்து பாணில இருக்கும், நாடகத்துல ராஜா பேசற மாதிரி, முதல் அரை மணி நேரம் படிக்க தடுமாறும், அப்புறம் பழகிடும், ஏன்னா ஒவ்வொருத்தரும் ரெண்டு மூணு வரி தான் பேசுவாங்க.

கன்சோல் இருக்கறவங்க 11 எஸ்ல தொடங்குங்க, இல்லன்னா 2024 நவம்பர் 14 வந்த மூணாம் பாகத்தோட எச்டி-2டி பதிப்புல, அதாவது பழைய பாணி படத்த புதுசா மெருகேத்துன பதிப்புல தொடங்குங்க. அந்த மூணுல டிராக்கி குவெஸ்ட்ன்னு ஒரு ஈசி மோட் இருக்கு, அதுல உங்க ஆளுங்க சாகவே மாட்டாங்க, சின்ன பிள்ளைங்களுக்கும் கதை மட்டும் பாத்தா போதும்ங்கறவங்களுக்கும் அத போட்டு குடுங்க.

எதுல தொடங்க வேணாம்னும் சொல்லிடறேன். ரெண்டாம் பாகம் வேணாம், கடைசி பக்கம் ரொம்ப கொடுமையா இருக்கும், பழைய பதிப்புல கடைசி மலைக்கு ஏறற குகையில பாதி பேரு அழுதுட்டு விட்டுட்டாங்க. 2000ல பிளேஸ்டேஷன்ல வந்த ஏழாம் பாகமும் முதல் கேமா வேணாம், முதல் சண்டை வர்றதுக்கே மணிக்கணக்கா ஆகும், அது பழகுனவங்களுக்கு தான் ருசிக்கும்.

மூணாவது: முதல் ஒரு மணி நேரம்

ஒன்னாம் பாகத்த வச்சு சொல்றேன், எல்லா பாகத்துக்கும் இதே புத்தி தான். கணக்கு சொல்றதுக்கு பழைய நிண்டெண்டோ பதிப்போட விலைய எடுத்துக்கறேன், போன்ல நம்பர் கொஞ்சம் மாறலாம்.

ராஜா ரூம் பெட்டிங்கள திறந்தா 120 கோல்டு கிடைக்கும். உடனே வெளிய ஓடாதீங்க, பக்கத்துலயே ப்ரெக்கனரின்னு ஊரு, நேரா அங்க போங்க. ஊருக்குள்ள நிக்கற எல்லார்கிட்டயும் பேசுங்க, ஒருத்தர விடாம, மூலையில சும்மா நிக்கற கெழவன் உட்பட. இந்த கேம்ல அடுத்து எங்க போகணும்னு சொல்றது அம்புக்குறி இல்ல, ஊர் சனங்க தான். "வடக்க குகை இருக்கு", "பாலம் தாண்டுனா மிருகம் பலமா இருக்கும்"ன்னு அவங்க சொல்ற மாதிரி துண்டு துண்டு பேச்சுல தான் வழி இருக்கு. போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டீங்கன்னா நோட்டு கூட வேணாம்.

அப்புறம் கடை. தாமிர கத்தி 180, கையில 120 தான், அத பாத்து ஏங்காதீங்க. தோல் கவசம் 70, மூங்கில் கம்பு 10, மிச்சம் 40ல ஒரு மூலிகை 24, பாக்கி 16 கையில, விடுதியில ஒரு ராத்திரி தூங்க 6 கோல்டு தான். என் கணக்குல புதுசா வர்றவங்களுக்கு கத்திக்கு முன்னாடி கவசம் தான், அடி கம்மியா விழுந்தா நெறைய நேரம் வெளிய நிக்கலாம், நெறைய நேரம் நின்னா காசு தானா சேரும். பல பாகங்கள்ல வாங்குனது மட்டும் பத்தாது, மெனுவுக்கு போய் மாட்டணும், நெறைய பேரு இத தான் விட்டுடறாங்க, பையில புது கத்திய வச்சுக்கிட்டு கம்பால அடிச்சிட்டு இருப்பாங்க.

இப்ப வெளிய வாங்க, ஆனா ஊர சுத்தி தான் நடக்கணும், கோட்டை கண்ணுக்கு தெரியற தூரத்துலயே. முதல்ல வர்றது நீலக் கலர்ல கொழகொழன்னு சிரிச்சிக்கிட்டு ஒன்னு, அது தான் ஸ்லைம். ஹோரீ கொழகொழன்னு ஒரு குவியல தான் கிறுக்கி குடுத்தாராம், தோரியாமா அத ஒரு சொட்டு வடிவத்துல கண்ணு வாயி வச்சு சிரிக்க விட்டுட்டாரு, இன்னைக்கு அது தான் மொத்த சீரிஸோட முகம். தோரியாமா 2024 மார்ச் 1 தவறிட்டாரு, ஆனா ஒவ்வொரு கேமும் தொடங்குனா முதல்ல வந்து நிக்கறது அவரோட அந்த சிரிப்பு தான். ஒரு ஸ்லைம அடிச்சா 1 எக்ஸ்பி, அதாவது லெவல் ஏத்தற அனுபவப் புள்ளி, ரெண்டாவது லெவலுக்கு 7 வேணும், ஆக ஏழு ஸ்லைம். கேக்க கம்மியா தெரியும், ஆனா அந்த லெவல் ஏறற மியூசிக்க முதல் தடவ கேக்கறப்ப இருக்கற சந்தோஷம் தனி. உயிரு பாதிக்கு எறங்குனா ஊருக்கு திரும்பி தூங்குங்க, திரும்ப வெளிய போங்க. மூணாவது லெவல்ல உயிர திரும்ப ஏத்தற ஹீல் மந்திரம் வந்துடும், அதுக்கப்புறம் தான் தூரமா நடக்கறது.

பாலம் தாண்டறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்தாண்ட வர்ற மிருகம் ஒரு படி பலமா இருக்கும். தாண்டி முதல் சண்டையில பாதி உயிரு போச்சுன்னா உங்க லெவல் பத்தலன்னு அர்த்தம், திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் ஏத்திக்கிட்டு போங்க.

செத்தா என்ன ஆகும்

இத தனியா சொல்றேன், ஏன்னா புதுசா வர்றவங்கள பயமுறுத்தறது இது தான். டிராகன் குவெஸ்ட்ல செத்துட்டா கேம் ஓவர் இல்ல. கண்ண முழிச்சா ராஜா முன்னாடி நிப்பீங்க, கையில இருந்த கோல்டுல பாதி போயிருக்கும், அவ்ளோ தான். ஏறுன லெவல், கிடைச்ச எக்ஸ்பி, வாங்குன கவசம் எல்லாம் உங்ககிட்டயே இருக்கும். ரெண்டு மணி நேரம் பாடுபட்டு செத்தாலும் அந்த ரெண்டு மணி நேரத்தோட பலம் உங்க ஆளு உடம்புல இருக்கு, அடுத்த தடவ போறப்ப இன்னும் தூரம் போவீங்க. ஹோரீ இத 1986லயே யோசிச்சு வச்சாரு பாருங்க. வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் ஆடறவங்களுக்கு இத விட நல்ல சட்டம் இல்ல, எந்த நாளும் வீண் நாளா ஆகாது.

அந்த பாதி கோல்டையும் காப்பாத்த வழி இருக்கு. ஊர விட்டு கிளம்பறதுக்கு முன்னாடி காச பொருளா மாத்திடுங்க, மூணாம் பாகத்துல இருந்து காசு போட்டு வைக்க எடமும் வந்துடுச்சு, பிந்தின பாகங்கள்ல அது ஆயிரம் ஆயிரமா வாங்கிக்கற பேங்கா இருக்கும், அதுல போட்ட காசு நீங்க செத்தாலும் தொடாது.

சேவ் பண்றது முதல் கேம்ல ராஜாகிட்ட, அப்புறம் வந்ததுல பெரும்பாலும் சர்ச்சுல. ஜப்பான்ல முதல் கேம் வந்தப்ப சேவ் பண்ற வசதியே இல்ல, 20 எழுத்து பாஸ்வேர்ட் குடுப்பாங்க, ரெண்டாம் பாகத்துல அது 52 எழுத்து வரைக்கும் போச்சு, ஒரு எழுத்து தப்பா எழுதிட்டா எல்லாம் போச்சு. இப்ப போன்ல நடுவழியிலயே குவிக் சேவ் போட்டுக்கலாம், அத போட்டுட்டு போன பையில வைங்க.

கூட்டமா போறப்ப

மூணு, நாலு ஆளு சேர்ந்து போற பாகத்துக்கு வந்துட்டீங்கன்னா இன்னும் சில விஷயம். மூலிகைய எல்லாம் பொதுப் பையில போட்டு வைக்காதீங்க, சண்டை நடக்கறப்ப பைய திறக்க முடியாது, அந்தந்த ஆளு கையில இருக்கறத மட்டும் தான் எடுக்க முடியும். ஹீல் போடற ஆளுகிட்டயே எல்லா மூலிகையும் குடுத்துடறாங்க சில பேரு, அந்த ஆளு விழுந்துட்டா மத்தவங்க வெறுங்கையோட நிக்கணும், ஆளுக்கு ரெண்டு பிரிச்சு குடுங்க.

நாலாம் பாகத்துல இருந்து டாக்டிக்ஸ்னு ஒன்னு இருக்கு, மத்தவங்க தானா சண்டை போடுவாங்க. சின்ன சண்டைக்கு அப்படியே விட்டுடுங்க, நேரம் மிச்சம். பாஸ், அதாவது பெரிய வில்லன் கூட சண்டைன்னா ஹீல் போடறவர மட்டுமாச்சும் ஃபாலோ ஆர்டர்ஸுக்கு மாத்தி நீங்களே சொல்லுங்க.

பாஸ்கிட்ட தோத்துக்கிட்டே இருந்தா உடனே லெவல் ஏத்த ஓடாதீங்க, முதல்ல பஃப், கபஃப், சாப், ஊம்ஃப் இந்த நாலு மந்திரத்தையும் பாருங்க. பஃப் ஒருத்தருக்கும் கபஃப் எல்லாருக்கும் அடி தாங்கற சக்திய ஏத்தும், சாப் எதிரியோடத எறக்கும், ஊம்ஃப் உங்க ஆளோட அடிய பெருசாக்கும். வேற நெறைய கேம்ல இந்த மாதிரி மந்திரம் சும்மா பேருக்கு தான் இருக்கும், இதுல அது தான் பாதி சண்டை. முதல் ரெண்டு சுத்து அடிக்காம கபஃபும் சாப்பும் போட்டுட்டு அப்புறம் அடிச்சு பாருங்க, அதே பாஸ் வேற ஆளு மாதிரி தெரிவான்.

அதுக்கப்புறமும் முடியலன்னா மெட்டல் ஸ்லைம் தேடுங்க. வெள்ளி கலர்ல பளபளன்னு இருக்கும், உயிரு ரொம்ப கம்மி, ஆனா தோலு இரும்பு, மந்திரமும் ஏறாது, ரெண்டாவது அடிக்கு ஓடிடும். ஒன்ன கொன்னா அந்த எடத்து மத்த மிருகங்க எதுவும் குடுக்காத அளவுக்கு எக்ஸ்பி கொட்டும். பாத்தவுடனே நாலு பேரும் சேர்ந்து அதையே அடிங்க, மத்த எதிரிய அப்புறம் பாத்துக்கலாம்.

சூம் மந்திரம் வந்துட்டா போன ஊருக்கெல்லாம் பறந்து போகலாம், நடந்து கஷ்டப்படாதீங்க. வீட்டுக்குள்ள நின்னு மட்டும் போடாதீங்க, பழைய பாகங்கள்ல தலை கூரையில இடிச்சுக்கும்.

ஒன்ன முடிச்சிட்டு எங்க போறது

கடைசி வில்லன் சண்டைக்கு முன்னாடி ஒரு கேள்வி கேப்பான், பாதி உலகம் தர்றேன் சேர்ந்துக்கறியான்னு. வேணாம்னு சொல்லுங்க, அவ்ளோ தான் சொல்வேன்.

அப்புறம் போன்ல ஆடறவங்க மூணுக்கு போங்க. 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை அது ஜப்பான்ல வந்தப்ப ஸ்கூல கட் அடிச்சிட்டு வரிசையில நின்ன பசங்க கிட்டத்தட்ட 300 பேர போலீஸ் பிடிச்சதா செய்தி வந்துச்சு, நாலாம் பாகம் 1990 பிப்ரவரி 11 வந்தது ஸ்கூல் இல்லாத ஞாயித்துக்கிழமை. மூணுல உங்க கூட்டத்த நீங்களே சேர்த்துக்கலாம், முதல் தடவைக்கு ஒரு போர்வீரர், ஒரு பூசாரி, ஒரு மந்திரவாதி போதும், அந்த கலவை எங்கயும் கைவிடாது.

கதை தான் முக்கியம்னா அஞ்சாம் பாகம், 1992. சின்ன பையனா அப்பா கையப் பிடிச்சு தொடங்கறீங்க, வளர்றீங்க, கல்யாணம் கட்டறீங்க, பிள்ளை பெத்துக்கறீங்க. அடிச்ச மிருகங்களே சில சமயம் எழுந்து கூட வர்றேன்னு சொல்லும், அந்த ஸ்லைம் கூட. கல்யாணத்துக்கு பெண்ண நீங்க தான் முடிவு பண்ணணும், சின்ன வயசு தோழி பியாங்காவா, பணக்கார வீட்டு பொண்ணு நேராவா, போன் பதிப்புல டெபோராவும் உண்டு. எங்க மாமா இந்த எடத்துக்கு வந்தப்ப ஒரு வாரம் கேம தொடவே இல்ல. டவுன்ல மாமாக் கடையில தே தாரிக் குடிக்கறப்ப வர்ற போறவங்ககிட்டயெல்லாம் கேட்டாரு, "நீயா இருந்தா யார கட்டுவ?" கடைசில அத்தை போன வாங்கி கதைய முழுசா கேட்டுட்டு, "அந்த சின்ன வயசு பொண்ண விட்டுட்டு வந்தீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. அதோட முடிஞ்சுது. யார கட்டுனாலும் கேம் முடிக்க முடியும், பிள்ளைங்க முடி கலரு மட்டும் அதுக்கேத்த மாதிரி மாறும்.

பதினொன்னுல ஆடறவங்களுக்கு சின்ன சின்னதா: வழியில கேம்ப் போடற எடம் வந்தா விடாதீங்க, காசு இல்லாம தூங்கலாம், சேவ் பண்ணலாம், கையில இருக்கறத வச்சு கத்தி கவசம் அடிக்கலாம். சண்டை இழுக்குதுன்னா செட்டிங்ல வேகத்த கூட்டலாம். பழைய காலத்து படம் பிடிச்சா முழு கேமையும் 2டிக்கு மாத்தி ஆடலாம், வீட்டுல பெரியவங்களுக்கு 3டி பாத்து தலை சுத்துச்சுன்னா இது ரொம்ப உதவும். அப்புறம் கடைசி சண்டை முடிஞ்சு பேரெல்லாம் மேல ஓடும், அங்க கேம் முடிஞ்சுதுன்னு நெனச்சு அழிச்சிடாதீங்க, சேவ் பண்ணிட்டு திரும்ப தொடங்குங்க, அதுக்கப்புறம் தான் மூணாவது பகுதி வருது, கதையோட உண்மையான முடிவு அதுல தான் இருக்கு.